திறக்காத பூவுக்கு ஏழு புகார்கள்

லியோனா குபிசெக் தபால் வண்டி ஓட்டிய முப்பத்தோரு வருஷமும் காரின் வலது பக்கம்தான் உட்கார்ந்தாள். ஊரில் மற்ற எல்லோருக்கும் ஸ்டியரிங் இடது பக்கம். சாலையோரப் பெட்டிக்குள் கைவிட வேண்டும் என்பதால் தபால்காரர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு. நாளுக்கு எழுபத்து நாலு மைல், முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். மற்றவர்கள் சாலையைப் பார்த்து ஓட்டினார்கள். லியோனாவின் முழங்கைக்குக் கீழே சாலையோரப் பள்ளம் ஓடிக்கொண்டே இருந்தது.

அயோவாவின் அந்த மூலையில் கலப்பை படாத மண் கொஞ்சம்தான் மிச்சம். ரயில் பாதையின் ஓரம், சாலையோரப் பள்ளம், அவ்வளவே. மீதியெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும். பழைய பிரெய்ரிப் புல்வெளியின் பூக்கள் அந்தப் பள்ளங்களில்தான் ஒண்டிக் கிடந்தன. எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எது எப்போது பூக்கும் என்று லியோனாவுக்குத் தலைகீழ்ப் பாடம். மகள் மார்லா பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு படித்தபோது அம்மா பெட்டி எண்ணையும் பூவையும் சேர்த்து முணுமுணுப்பாள். நாற்பத்தொன்று, ஊதாக் கூம்பு. அறுபது, காட்டுத் துளசி. இருநூற்றுப் பதினேழு, பிளம் ஓடைப் பாலம், குப்பிப்பூ.

குப்பிப்பூ என்பது ஜென்ஷியன் செடியில் ஒரு வகை. முழங்கால் உயரத் தண்டு, உச்சியில் ஒரு கொத்து. நல்ல நீலம். மொட்டு மாதிரியே இருக்கும், மொட்டு மாதிரியே வாடும். இதழ் விரியவே விரியாது. சின்னத் தேனீக்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். குண்டுத் தேனீக்கு மட்டும் நுனியைப் பிளந்து உள்ளே நுழையும் வலு உண்டு. செப்டம்பரில் மற்ற பூக்கள் ஓய்ந்த பிறகு அந்தத் தேனீக்குக் கடைசிச் சாப்பாடு அதுதான்.

விதை தூசி போல இருக்கும். லியோனா அதைப் பழைய கவர்களில் போட்டு ரூட்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாள். பெட்டிக்குள் வைக்கமாட்டாள். ஸ்டாம்ப் ஒட்டாத எதையும் பெட்டிக்குள் போடக்கூடாது என்பது விதி. அவள் விதியில் இம்மியும் பிசகமாட்டாள். ஹாரன் அடிப்பாள். ஆள் வந்து கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வசந்த காலத்தில் தபாலில் வரும் கோழிக்குஞ்சுப் பெட்டிகளையும், வேறு யாரும் தொடாத தேனீப் பெட்டிகளையும் அப்படித்தான் கொடுப்பாள். காருக்குள் ஒரே கீச்சும் ரீங்காரமுமாக இருக்கும்.

மார்லாவின் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டார். லியோனா மூன்றாம் நாள் ரூட்டுக்குத் திரும்பினாள். "தபால் காத்திட்டிருக்குமே" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதாக மார்லாவுக்கு நினைவில்லை.

மார்லா பாலம் வரைகிறவள். நாற்பது மைல் தள்ளி ஒரு பொறியியல் அலுவலகம். ஒன்பது வருஷத்துக்கு முன் பிளம் ஓடையின் சிறுபாலத்தை மாற்றும் வேலை அவள் மேஜைக்கு வந்தது. பழைய குழாய் துருப்பிடித்திருந்தது. புதிய பெட்டிப் பாலம், இரு பக்கமும் கரைச்சரிவு, நாற்பது மீட்டருக்கு மண் சுத்தம் செய்ய வேண்டும். அவள் நேர்க்கோடு ஒன்று போட்டாள். கணக்கில் குறை சொல்ல இடமில்லை. பொக்லைன் வந்து கோடு வரைக்கும் வழித்தது. பிறகு ஒப்பந்தக்காரர் சாதாரணக் கால்நடைப் புல்லை விதைத்தார்.

அடுத்த செப்டம்பரில் அம்மா வீட்டின் பின்புறம், மழைநீர்க் குழாய் வடியும் ஈரமான இடத்தில், நீலப் பூக்களோடு மூன்று தூர் நிற்பதை மார்லா பார்த்தாள்.

"இது எங்கேருந்தும்மா?"

"பாலத்துப் பள்ளத்துலேருந்து. முளைக்குச்சி அடிச்சிருந்தாங்க. பொக்லைன் வர்றதுக்குள்ள மூணு தூர்தான் கெளப்ப முடிஞ்சுது."

"அது நான் வரைஞ்ச பாலம்."

"தெரியும். நல்ல பாலம். இப்பல்லாம் அந்தத் திருப்பத்துல தண்ணியே நிக்கறதில்ல." அம்மா கையில் இரண்டு தக்காளியைத் திணித்தாள். "சாப்பிட்டுப் போ."

அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அந்தப் பேச்சு மறுபடி எழவில்லை. மார்லா மட்டும் மறக்கவில்லை.

லியோனா மறந்தாள் என்றும் சொல்ல முடியாது. சாலைத் துறை அலுவலகத்துக்கு வருஷம் தவறாமல் ஒரு கடிதம் எழுதினாள். பாலத்துக் கரையில் அந்நியப் புல்லை எடுத்துவிட்டு நாட்டுப் புல்லும் பூவும் விதையுங்கள். ஒன்பதாவது கடிதத்துக்குச் சரி என்றார்கள். கோடையில் புல்லைக் கொன்று கரையை வெறுமையாக்கினார்கள். நவம்பரில் விதைப்பு. ஆனால் கடையில் வாங்கும் கலவையில் குப்பிப்பூ கிடையாது. அதை நான் கொண்டுவருகிறேன் என்றாள் லியோனா.

ஆகஸ்டில் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. மூன்று வாரம்தான் இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மார்லாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ரூட் விளக்குகிற குரலில் சொன்னாள்.

"அக்டோபர் கடைசியில காய் பழுப்பாகும். நுனி வெடிச்சதும் எடு. காஞ்ச மணல்ல கலந்துக்கோ. கரையில தூவு. மண்ணு போட்டு மூடாதே, அதுக்கு வெளிச்சம் வேணும். இந்த வருஷம் விட்டா மத்த புல்லு வளர்ந்து மூடிடும். அப்புறம் எடம் கெடைக்காது."

"செய்யறேம்மா."

"எழுதிக்கோ."

மார்லா எழுதிக்கொண்டாள். செப்டம்பர் ஆறாம் தேதி லியோனா இறந்தாள். வயது எழுபத்தொன்று.

சவ அடக்கத்துக்கு ரூட்டே திரண்டு வந்தது. தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் ஹாம் ரொட்டி, சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, கசகசா வைத்த கொலாச் பன். யார் யாரோ மார்லாவின் கையைப் பிடித்து, எந்தப் பனிப்புயலில் அம்மா எந்த மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தாள் என்று சொன்னார்கள். மார்லா தலையாட்டினாள். அழவில்லை. அம்மா சொன்ன விதை வேலை முடியட்டும் என்று இருந்தாள்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினாள். புல்தரை பளிச்சென்று வெட்டியிருந்தது. அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே வந்து புல் வெட்டிவிட்டுப் போவார். துக்கத்துக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு வீடு சீராகத் தெரிய வேண்டும். அடுத்த பண்ணையின் வெர்ஜில் ஸ்மோலிக் அந்த விஷயத்தில் பேர்போனவர். இரண்டு அங்குலம் என்றால் இரண்டு அங்குலம்.

மார்லா வீட்டைச் சுற்றிப் பின்புறம் போனாள்.

அங்கேயும் இரண்டு அங்குலம்தான். மழைநீர்க் குழாயின் அடி வரைக்கும். மூன்று தூர் ஒன்பது வருஷத்தில் இருபத்திரண்டாகப் பெருகியிருந்தன. இருபத்திரண்டும் தரைமட்டம். நீலம் அங்கங்கே புல்லோடு நறுங்கிக் கிடந்தது. அம்மா கையெழுத்தில் தேதி எழுதிய அடையாளக் குச்சிகளை ஒன்று விடாமல் பிடுங்கி, ஒரு காப்பி டப்பாவில் செங்குத்தாக அடுக்கிச் சமையலறைப் படியில் வைத்திருந்தார் வெர்ஜில். புல்வெட்டி வண்டியின் கத்தியில் மாட்டி உடைந்துவிடக் கூடாதாம்.

அப்போதுதான் வேலி ஓரம் அவரே வந்தார். கோட்டு சூட்டில் இருந்தார்.

"நேத்து சாயங்காலமே முடிச்சுட்டேன், கண்ணு. பின்னாடி ரொம்ப மண்டிக் கெடந்துது. பாவம், கடைசி நாள்ல அவளால பாத்துக்க முடியல போல. ஏதோ மொட்டு விட்ட களை. பூக்கக்கூட இல்ல."

மார்லா படியில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"நன்றி, வெர்ஜில்."

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவள் படியில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேர் சாகாது, வசந்தத்தில் துளிர்க்கும். ஆனால் இந்த வருஷம் இனிப் பூ இல்லை. பூ இல்லாமல் விதை இல்லை. கரை நவம்பரைத் தாண்டிக் காத்திருக்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் விடை மாறவில்லை. அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் காலை வெர்ஜில் மறுபடி வந்தார். இந்த முறை தொப்பி கையில் இருந்தது. மனைவி டார்லீன் சொல்லியிருக்கிறாள். டார்லீனுக்கு லியோனாவின் செடிகள் தெரியும்.

"ராத்திரி பூரா திட்டினா. நியாயம்தான். நீ ஏன் அப்பவே ஒரு வார்த்தை சொல்லல? மண்வெட்டியை எடுத்து மண்டையில போட்டிருக்கலாமே."

"துக்க வீட்டுல புல் வெட்ட வந்தவரை எப்படித் திட்றது?"

"அது லியோனா உயிரா வளர்த்ததுன்னு டார்லீன் சொல்றா. பொக்லைனுக்கு முன்னாடி நின்னு கெளப்பினதுன்னு." அவர் குரல் உடைந்தது. "உன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அம்மா இரண்டு தக்காளியைத் திணித்தது மார்லாவின் உள்ளங்கைக்கு நினைவு வந்தது. ஒன்பது வருஷமாக அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது.

"நான் அதையே பொக்லைன் வெச்சுச் செஞ்சேன், வெர்ஜில். நீங்க புல்வெட்டி வெச்சுச் செஞ்சீங்க. உங்களுது சின்னதுதான். உள்ள வாங்க. காப்பி இருக்கு. யாரோ கொண்டுவந்த உருளைக்கிழங்கு ஆறு பாத்திரம் இருக்கு. அதுல பாதியாவது நீங்க தின்னுட்டுத்தான் போகணும்."

அவர் தின்றார். அதற்கு அடுத்த நாள் சனிக்கிழமை. மார்லா பெட்டியைத் திறந்தபோது அம்மா பெயருக்கு ஒரு கடிதம் கிடந்தது. ஸ்டாம்ப் நேராக, ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது. தபால் முத்திரை எட்டாம் தேதி. அம்மா போய் இரண்டு நாள் கழித்துப் போட்டது.

"லியோனா, இந்த வருஷமும் திறக்கல. பதினாலு தண்டு. எல்லாம் மூடினபடியே நிக்குது. நீ கொடுத்த விதை மோசம். ஏழாவது வருஷமாச் சொல்றேன். நீ இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கான். இடுப்பு எலும்பு தகராறு, வர முடியல. பழக்கத்துல எழுதிட்டேன். எமில் ஹவ்லிசெக், பெட்டி 118."

மார்லா அதை நின்றபடியே மூன்று முறை படித்தாள். பிறகு சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பேட்டரிகளுக்கும் நூல்கண்டுக்கும் நடுவே ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு இருந்தது. ஆறு கடிதங்கள். வருஷத்துக்கு ஒன்று, எல்லாம் செப்டம்பர். "மூணு தண்டு. திறக்கல." "அஞ்சு தண்டு. திறக்கல. ஏமாத்திட்டே." அடியில், முதல் கடிதத்தோடு எமில் திருப்பி அனுப்பிய, ஸ்டாம்ப் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. அதில் அம்மாவின் கையெழுத்து: "ஸ்டாம்ப் ஒட்டிப் போடவும்."

பதினாலு தண்டு. அவள் சாவியை எடுத்தாள்.

எமிலுக்கு எண்பத்து நாலு வயது. ஒரு கைத்தடி, பழைய ஓவரால், சவரம் செய்யாத முகம். வாசலில் நின்று மார்லாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"தபால்காரி மகளா?"

"ஆமா. உங்க லெட்டர் வந்துது."

"அதுக்குள்ளயா? புதுப் பையன் பரவால்லயே." அவர் முன்னால் நடந்தார். "வா. ஒங்கம்மா என் தலையில கட்டினதக் காட்டறேன்."

மாட்டுத் தொட்டி நிரம்பி வழியும் சேற்றுப் பக்கத்தில் அவை நின்றன. பதினாலு தண்டு, கொத்துக் கொத்தாக நீலம். மார்லா விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"எப்படி வளர்த்தீங்க? எல்லாருக்கும் செத்துப்போச்சுன்னு அம்மா அந்தக் காலத்துல சொல்லுவாங்க. முந்நூத்துச் சொச்சம் பெட்டியில ஒண்ணுகூட வரலைன்னு."

"நான் எங்க வளர்த்தேன்? பாத்தி கட்டி, உரம் போட்டு, மண்ணு மூடி ஒரு கவர் நட்டேன். ஒண்ணும் வரல. மீதியக் கோவத்துல இந்தச் சேத்துல கொட்டினேன். அஞ்சாறு வருஷம் கழிச்சு இது எழுந்து நின்னுது. நட்டதெல்லாம் செத்துது, கொட்டினது பொழச்சுது."

"மூடக்கூடாது. அதுக்கு வெளிச்சம் வேணும்."

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல அவ!"

தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி கிடந்தது. இருக்கை துருப்பிடித்திருந்தாலும் நடுவில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. மார்லா அதைக் கவனித்தாள். அவள் கண் போன திசையை எமிலும் கவனித்தார். காதுமடல் சிவந்தது.

அந்த நேரம் ஒரு குண்டுத் தேனீ வந்தது. ஒரு பூவின் நுனியில் உட்கார்ந்து முன்னங்காலால் நெம்பியது. தலை போனது, தோள் போனது, பின்னங்கால் இரண்டும் காற்றில் உதைத்தன. பிறகு முழு உடம்பும் உள்ளே போய் இதழ் மூடிக்கொண்டது. பூ மட்டும் ஆடியது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கமாக வெளியே வந்து, மகரந்தத்தைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனது.

எமில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததையும் மார்லா பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"இது திறக்காத பூன்னு."

எமில் நாற்காலியில் உட்கார்ந்தார். தடியை முழங்காலில் சாய்த்தார்.

"மொத வருஷம் நெஜமாவே திட்டித்தான் எழுதினேன். என் பொண்டாட்டி ரோஸ் செத்த வருஷம் அது. எதைப் பாத்தாலும் கோவம். ஒங்கம்மா ஒரே ஒரு வரி பதில் போட்டா: 'நாற்காலி போட்டு உட்காருங்க.' கிண்டல் பண்றான்னு நெனச்சேன். ரெண்டாம் வருஷம் வேற வேலை இல்லாம உட்கார்ந்தேன். பாத்தேன்." அவர் மூக்கைச் சிந்தினார். "பாத்துட்டேன்னு எழுதிட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் அவ எதுக்குப் பதில் போடப்போறா? இந்தப் பெட்டிக்கு மின்சார பில்லும் விதை கம்பெனி புஸ்தகமும்தான் வரும். அதனால புகாரே எழுதினேன். அவளும் ஒவ்வொரு வருஷமும் அதே ஒரு வரி."

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியாமயா? அவ லேசுப்பட்டவளா?"

மார்லா எதற்கு வந்தாள் என்பதைச் சொன்னாள். பாலத்தையும் தன் கோட்டையும் சொன்னாள். வெர்ஜிலின் பெயரைச் சொல்லாமல், புல்லோடு பூவும் வெட்டுப்பட்டதைச் சொன்னாள்.

"வெர்ஜில்தானே?" என்றார் எமில். "என் பொண்டாட்டி செத்தப்ப எட்டு மைல் தாண்டி வந்து என் புல்லையும் வெட்டினான். ரோஸோட பியோனிப் பூச்செடி பூரா போச்சு. நல்ல மனுஷன். யாரு செத்தாலும் மொதல்ல அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கி வெக்கணும்." பிறகு பூக்களைப் பார்த்தபடி சொன்னார்: "அக்டோபர் கடைசியில வா. எல்லாத்தையும் எடுத்துக்கோ. அது அவளுதுதானே? நான் வெச்சுக் காத்தேன், அவ்வளவுதான்."

அக்டோபர் இருபத்தெட்டில் காய்கள் பழுப்பாகி நுனி வெடித்தன. மார்லா தண்டைச் சாய்த்துக் கவருக்குள் தட்டினாள். எமில் நாற்காலியில் இருந்தபடி, "காத்து வருது, கையை மறைச்சுக்கோ" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். ஒரு தண்டை மட்டும் அவள் தொடவில்லை. அந்தச் சேற்றுக்கே விட்டாள்.

நவம்பர் ஒன்பது. பாலத்துக் கரையில் சாலைத் துறைக்காரர் தன் கலவையை விதைத்து முடித்திருந்தார். வெர்ஜில் பல்லுக்கலப்பையோடு வந்தார். மேல்மண்ணைக் கீறிவிட மட்டும்.

"புல்வெட்டி வண்டி?" என்றாள் மார்லா.

"டார்லீன் சாவியை ஒளிச்சு வெச்சிருக்கா."

எமிலை வெர்ஜில்தான் தன் பிக்கப்பில் கூட்டிவந்தார். எமில் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "மூடாதீங்கடா, மூடாதீங்க!" என்று கத்தினார். மார்லா காய்ந்த மணலில் விதையைக் கலந்து, தண்ணீர் ஏறும் கோட்டுக்குச் சற்று மேலே தூவினாள். தன் பழைய கோடு எங்கே போகிறது என்று அவளுக்கு மனப்பாடம். அதன் மேலேயே நடந்தாள். தூவின இடத்தைக் காலால் மெல்ல மிதித்துவிட்டாள். இரண்டாம் நாள் பனி விழுந்தது.

பூக்க ஐந்து வருஷம் ஆகும், ஏழும் ஆகலாம். மறு ஜூனில் முட்டிபோட்டு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கடுகளவு இலை இரண்டிரண்டாக ஒன்பது இடத்தில் தெரிந்தது. அது அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டாள். இருக்கலாம். வீட்டுப் பின்புறம் இருபத்திரண்டு தூரில் பத்தொன்பது துளிர்த்துவிட்டன. வெர்ஜில் அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டிருக்கிறார்; மேலே பறக்கும் விமானத்துக்குக்கூடத் தெரியும்.

செப்டம்பர் எட்டாம் தேதி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. இந்த முறை மார்லாவின் பெயருக்கு.

"இந்த வருஷமும் திறக்கல. பதினாறு தண்டு. ஒங்கம்மா விதை மோசம், நீ அதுக்கு மேல. எமில், பெட்டி 118."

மார்லா ஒரு கவர் எடுத்தாள். ஸ்டாம்பை நேராக, ஓரம் பிசகாமல் ஒட்டினாள். ஒரு வரி எழுதினாள்.

"நாற்காலி போட்டு உட்காருங்க."